வெறும் வயிற்றில்

ஒரு ஆளின் மூளை, குரல், நடை, கோபம், சிரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாள் விலை, இரண்டு மிட்டாய்க் காசு. எந்த மருந்துக் கடையிலும் விசாரித்துப் பாருங்கள், ஐயா. தைராய்டு மாத்திரை அவ்வளவு மலிவு. நான் வியாபாரக் குடும்பம். இத்தனை மலிவான சரக்கை நாங்கள் நம்ப மாட்டோம். ஆனால் அது வேலை செய்தது. தொந்தரவே அதுதான்.

எங்களுக்குக் கம்பளிப் போர்வை மொத்த வியாபாரம். அப்பாவுக்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்தவள் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்றாள், கடையைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் அவளும் நானும்தான். பேரத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதிரில் இருப்பவன் அந்த மௌனம் தாங்காமல் தானாகவே ஏறி வருவான். நான் பின்னால் நின்று போர்வையை விரித்துக் காட்டுவேன், மடித்து வைப்பேன். தலை நரைத்த பிறகும் சந்தையில் எனக்கு ஒரே பெயர்தான்: தம்பி.

அக்காவுக்கு வியாதி வந்தது முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒன்று கேட்டால் பதில் வர நேரமானது. வந்தவர்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் ஏற்றினார்கள். அந்தப் பருவம் நல்ல லாபம். வியாதியை வைத்துச் சம்பாதித்த கடை எங்களுடையதாகத்தான் இருக்கும். பிறகு ஒரு நாள் பேரத்தின் நடுவில் குறட்டை விட்டாள். தரகர் அதற்கும் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார், பாவம்.

அதற்குள் அவள் பார்க்கச் சகிக்காதவளாக ஆகியிருந்தாள். தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி முகம். புருவ ஓரம் உதிர்ந்துவிட்டது. நாக்கு தடித்து, பேசும்போது வாயோரம் எச்சில் வழியும். படுக்கையை உதறினால் தோல் மாவாகக் கொட்டும். குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் முடி உருண்டை உருண்டையாக அடைத்துக்கொள்ளும். விரலை விட்டு நான்தான் எடுப்பேன். குமட்டியது. மறைத்துச் சொன்னால் வாக்குமூலத்துக்கு என்ன மரியாதை?

தைராய்டு சுரக்கவில்லை என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். காலையில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவையும் அனுப்பினார். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் எடுப்பாள்.

“வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட கொடுங்க சார். பால், காப்பி எதுவும் கூட வரக்கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரையெல்லாம் மதியத்துக்கு மேல. சேத்துக் கொடுத்தா, இது உள்ள போயும் போகாத மாதிரிதான்.”

“சரிம்மா.”

“சுடுதண்ணிப் பை வைக்காதீங்க, இவங்களுக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்துடும். போர்வை போத்துங்க போதும்.”

“போர்வைக்கா எங்க வீட்டுல பஞ்சம்?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“தூக்க மாத்திரை மட்டும் கூடவே கூடாது. இந்த உடம்பு அதைத் தாங்காது. மூச்சு அடங்கிடும்.”

என்னென்ன செய்யக்கூடாது என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இதற்கிடையில் கல்லாவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் தரகர், “என்ன முதலாளி, முடிச்சுடலாமா?” என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் போர்வைக் கட்டுதான் இருந்தது.

அந்தச் சொல் பழகுவதற்குள் அக்கா தேற ஆரம்பித்துவிட்டாள். முகம் வற்றியது. குரல் திரும்பியது. திரும்பியதும் அவள் என்னிடம் முதலில் கேட்டது இது.

“அந்தச் சாம்பல் கலர் போர்வைக் கட்டை என்ன விலைக்குடா தள்ளின?”

சொன்னேன்.

“அசலுக்கேவா? கடை நடத்துறியா, சத்திரம் நடத்துறியா?”

மறுநாள் தரகர் வாசலிலேயே நின்றுகொண்டார். “அக்கா எழுந்துட்டாங்களாமே! அப்ப அவங்ககிட்டயே பேசிக்கறேன், தம்பி.”

தம்பி என்பது அன்பான சொல்தான். செருப்புக்குள் புகுந்த கல்லும் சின்னதுதான்.

அந்த வாரமே நர்ஸம்மாவிடம், “இனிமே நானே பாத்துக்கறேன்மா, சொந்த அக்காதானே” என்று சொல்லி, முதல் தரப் போர்வை ஒன்றும் கொடுத்து அனுப்பினேன். அவள் போர்வையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். மறுநாளிலிருந்து தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்பு மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ஒரு டம்ளர் பாலோடு நீட்டினேன்.

“பாலோட கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளேடா?”

“அது பழைய மாத்திரைக்கு அக்கா. இது புதுசு.”

“அப்படியா? நீ சொன்னா சரி.”

எந்த வியாபாரி சொன்னாலும் பாதியாகக் குறைத்துக் கேட்கிறவள், என் வார்த்தையை மட்டும் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டாள். முகம் மறுபடி ஊறியது. டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, “மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா?” என்றார்.

“ஒரு நாள் தவறல டாக்டர். என் கையாலதான் கொடுக்கறேன்.”

சத்தியமான வார்த்தை. அவர் அளவைக் கூட்டி எழுதினார். நான் பாலைக் கொஞ்சம் கூட்டினேன். காத்திருந்த ஒரு அம்மாள் தன் மகனிடம், “பாத்தியா, தம்பின்னா இப்படி இருக்கணும்” என்றாள். அங்கேயும் அதே சொல்.

பணிவிடையில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் காலில் எண்ணெய் தேய்த்தேன். தேய்க்கும்போது தோல் உரிந்து என் விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு எனிமா கொடுத்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பிடும்போது கையில் அந்த வாடை வரும். முகத்தைச் சுளிக்காமல் செய்தேன். எல்லாம் நான் வரவழைத்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் செய்தேன். நம் சரக்குக்கு நாம்தானே பொறுப்பு.

குளிர்காலத்தில் ஒரு ஹோட்டல்காரர் கிடங்கு மொத்தத்தையும் எடுக்க வருவதாகச் சொன்னார். என் வியாபாரத்திலேயே பெரியது. அன்று காலை அக்கா கட்டிலை விட்டு எழுந்து நின்றாள். வீங்கிய கால் தன் செருப்புக்குள் நுழையாமல், என் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நானும் வரேன்டா.” ஒவ்வொரு சொல்லும் தடவித் தடவி வந்தது. “அவன்... உன்னை... ஏமாத்திடுவான்.”

முகவாயில் எச்சில் வழிந்து நைட்டியில் சொட்டியது. இதைக் கல்லாவில் உட்கார வைத்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று பார்த்தேன். உட்கார்ந்துவிட்டால் தன் மௌனத்தாலேயே நல்ல விலைக்கு முடித்துவிடுவாளே என்றும் பார்த்தேன்.

“வா அக்கா. முதல்ல பாலைக் குடி.”

பாலில் தூக்க மாத்திரை கரைத்திருந்தேன். ஒன்று போதும். அவள் உடம்பைப் பார்த்து இரண்டாகப் போட்டேன். தூங்கியதும் முதல் தரப் போர்வைகளாக எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டுக் கடைக்குப் போனேன். சரக்கு மொத்தமும் போயிற்று. விலை அசலுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆனால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “முதலாளின்னா நீங்கதான்” என்றார்.

வீடு திரும்பியபோது நர்ஸம்மா இருந்தாள். மனசு கேட்காமல் பார்க்க வந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்திருக்கிறார். அத்தனை போர்வைக்கு அடியிலும் அக்கா தரை மாதிரி சில்லென்று கிடந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. நர்ஸம்மா டம்ளரைக் கையில் எடுத்து அடியில் தங்கிய வெள்ளையைப் பார்த்தாள்.

“என்ன கரைச்சீங்க?”

“தூங்கறதுக்கு.”

“தைராய்டு மாத்திரையும் பால்லதானா? எத்தனை நாளா?”

“நீங்க போனதிலேருந்து.”

அவள் கத்தவில்லை. எதையோ மிதித்துவிட்டவர்கள் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். நான் போர்வையைச் சரி செய்யக் குனிந்தேன். “அவங்களைத் தொடாதீங்க” என்று என் கையைத் தட்டிவிட்டாள். அத்தனை செதிலையும் கூட்டி அள்ளிய கை, ஐயா. மனசு விட்டுப்போயிற்று.

அக்கா கண் திறக்காமலே ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாள்.

கணக்கை முடித்துவிடுவோம். அக்கா எனக்குச் செய்தது: அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், என்னை நம்பினாள். நான் அவளுக்குச் செய்தது: எண்ணெய், சோப்பு, பால், போர்வை, வேளை தவறாமல் மாத்திரை. உயிரை எடுத்ததும் நான்தான். அதையும் என் பற்றில் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். அப்படியும் கூட்டிக் கழித்தால் அவள் பக்கம் ஒரு பாக்கி நிற்கிறது. ஒரே ஒரு தடவை, நாக்குக் குழறியாவது, என்னை முதலாளி என்று கூப்பிட்டிருக்கலாம். போகட்டும், கூடப் பிறந்தவள். அதை நான் தள்ளுபடி செய்கிறேன்.