இரண்டு தூணுக்கும் டயர்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களுடைய காலடியில் இரண்டு பழைய கார் டயர்களும் ஒரு சுருள் கயிறும் கிடந்தன.

"என்னண்ணை, டயர் யாவாரமோ?" என்று நடத்துனர் கேட்டார்.

"நாயாற்றுப் பாலத் தூணில கட்டப்போறம். வள்ளம் முட்டிப் பாலத்துக்குச் சேதம் வரக்கூடாதெல்லோ," என்றார் கணவர்.

"களப்புத் தண்ணிக்குள்ள கப்பல் ஏதும் வருதோ?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நடத்துனர் பின்னால் போனதும் மனைவி குரலைத் தாழ்த்தினார்.

"நெத்திக் காயம் இன்னும் நோகுதோ?"

"இல்லை. வள்ளம்தான் பாவம்."

"நீரோட்டம் இழுத்தது எண்டு எத்தினை நாளைக்குச் சொல்லுவீங்கள்? கண்ணைக் காட்டுவம் வாங்கோ."

"அடுத்த கிழமை வாறன். அதுக்குள்ள ஆக்கள் அறிஞ்சா ஒருத்தனும் என்ர வள்ளத்தில ஏறான்."

கணவர் ஒரு டயரைக் காலால் தட்டினார்.

"ஒண்டே போதுமே. விடியமுன்னம் இருட்டில போகேக்க வலப்பக்கத் தூணிலதானே முட்டுறன். திரும்பி வரேக்க வெளிச்சம். மற்றது எதுக்கு?"

"ஒரு பக்கம் மட்டும் கட்டினா எந்தக் கண் தெரியேல்லை எண்டு ஊருக்கே விளங்கியிடும்," என்றார் மனைவி. "ரெண்டிலையும் கட்டுவம். ஆரும் கேட்டா, பாலத்துக்கெண்டே சொல்லுங்கோ."