ஆகஸ்ட்ல எடுத்த கிறிஸ்துமஸ்

என் பையன் க்ளிஃப் வர்ற இடத்தையெல்லாம் வெட்டிடலாம்னு அவன் அப்பாவே சொல்லிட்டாரா? சொல்லுவார். உக்காருங்க தம்பி, காபி ஆறுது.

இல்லல்ல, டிவிக்காரங்க உங்க சங்கடம் புரியுது. அக்டோபர்ல வியட்நாம்ல செத்துப்போன பையன் டிசம்பர்ல டிவில அப்பாவோட நின்னு பாடினா எவன் சோப்பு வாங்குவான்? விளம்பரம் குடுக்கிறவனுக்கு அவன் கவலை.

எங்க வீட்டுக்காரர் வெர்ன் கால்டர்னா அப்பவே பெரிய பேரு, உங்க வயசுக்குத் தெரியாது. டான்ஸ் ஹால்ல பேண்டுக்கு முன்னாடி நின்னு பாடினவர். பேண்டெல்லாம் படுத்துப்போச்சு, இவர் நிமிர்ந்துட்டார். என்ன குரல்ங்கிறீங்க! காதுகிட்ட வந்து பேசுற மாதிரி. அப்புறம் டிவி. வியாழக்கிழமையானா ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்து, கதவைப் பூட்டிட்டு நிம்மதியா தூங்குங்க கண்ணுங்களான்னு நாட்டுக்கே சொல்லுவார். நீங்க எங்களுக்கும் அப்பா மாதிரின்னு ஒஹையோலேர்ந்து கடுதாசி வரும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். வீட்ல க்ளிஃப் குட்நைட் சொன்னா, முகத்துக்கு நேரா பிடிச்ச பேப்பரை இறக்க மாட்டார் தம்பி அந்த மனுஷன்.

கிறிஸ்துமஸ் ஷோவுக்குக் குடும்பத்தோட வந்து நிக்கணும்பீங்க. அதையும் ஆகஸ்ட் வெயில்ல எடுப்பீங்க. கம்பளி ஸ்வெட்டர், மேலேர்ந்து சோப்புத்தூள் பனி. அடுத்த வாரம் க்ளிஃப் பட்டாளத்தோட வியட்நாமுக்குக் கிளம்பணும். பாட்டு முடிஞ்சதும் அப்பா மகனைக் கட்டிப்பிடிக்கணும்னு உங்காளுங்க எழுதியிருந்தாங்க. பிடிச்சார். நல்லாத்தான் பிடிச்சார், கேமரா ஓடுதே.

அதுக்கப்புறம் க்ளிஃப்புக்கு ஒரே ஒரு வரி. மெர்ரி கிறிஸ்துமஸ் அப்பா. அவ்வளவுதான். மறந்துட்டான்! பாட்டுலேர்ந்து மறுபடி எடுத்தாங்க, மறுபடி மறந்துட்டான். மறுபடியும். நீங்கள்லாம் சிரிச்சீங்க. இவருக்கு மானம் போச்சு. ஒரு வரி வராதாடா உனக்குன்னு எல்லார் முன்னாடியும் கத்தினார். அந்தக் கோவத்துல அவன் கிளம்புற வரைக்கும் பேசலை; அவன்கிட்ட கடைசியா பேசினது அந்தத் திட்டுதான்னு இப்ப புலம்புறார். அதான் வெட்டச் சொல்றார். அவரால பார்க்க முடியலை.

வெட்டாதீங்க தம்பி.

திரும்பி வர்றப்ப நான்தான் கார் ஓட்டினேன். க்ளிஃப் தலையெல்லாம் சோப்புத்தூள், சிரிச்சுக்கிட்டே வர்றான். என்னடான்னேன். வேணும்னேதான்மா மறந்தேன், மறந்தா திரும்பக் கட்டிப்பிடிப்பார்லன்னான்.

இதை அவர்கிட்ட நான் இன்னும் சொல்லலை. வாய் வரலை. மாடியிலதான் இருக்கார். நீங்க போய்ச் சொல்றீங்களா?