ஆறு ஜாடி அயிரை

– மாமா, மருந்து டேங்க் கழுவுனது போதும், ஓடியா! நாலு நாளாச்சி, ஆறு ஜாடியிலயும் ஒரு அயிரை கூட சாவல!

– கெணத்தாண்டதான இருக்கேன், ஏன் கத்தற சுபா? சாவலன்னா நல்லதுதான?

– நல்லதா? பூச்சி மருந்து ஊத்தியும் சாவாத மீனு ஒலகத்துலயே கெடையாது! சாயந்திரம் பட்டியல்ல ஏத்திடுவேன்.

– இன்னா பட்டியலு? ரேசன் கடையில ஒட்டுவாங்களா?

– கம்ப்யூட்டர்ல மாமா. எந்த மருந்துக்கு எந்த உசுரு எவ்ளோ தாங்குதுன்னு ஊரூரா சோதிச்சி, ஒரே தொகுப்பா வெச்சிக்கினு இருக்காங்க. யாரு வேணா எறக்கிக்கலாம். அதுல வெளிநாட்டு மீனுங்கதான் ஜாஸ்தி. நம்ம அயிரை இல்ல. என் பேர்ல மொத வரி!

– ஏத்துனா இன்னா ஆவும்?

– அத வெச்சித்தான் ஆத்துல எவ்ளோ மருந்து கலந்தா தாங்கும்னு கோடு போடுவாங்க. அயிரையே சாவலன்னா கோடு மேல போவும்.

– மேலன்னா... இன்னும் ஜாஸ்தி வுடலாம்னா?

– ஆமா. ஏன் மூஞ்சி சுருங்குது?

– இன்னைக்கே ஏத்தணுமா? ஆடி போயி ஆவணி வரட்டுமே.

– மாமா. நீ இன்னா பண்ண?

– திட்டாத. மொத நாள் காலைல பாத்தேன், செத்து மெதந்துக்கினு இருந்துச்சிங்க. ஆறு மாசமா பாடுபட்ட பொண்ணு, பாத்தா அழுவுமேன்னு... கோமுகி வாய்க்கால்ல புதுசு புடிச்சாந்து வுட்டுட்டேன்.

– அய்யோ! தெனமுமா?

– நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடியே. வலயோட போனா பக்கத்து வூட்டு அரங்கநாதன் சிரிக்கறான், பொண்டாட்டிக்கு மீன் கொழம்பு வெக்கறியாடான்னு.

– லூசு மாமா! எத்தினி சாவுதுன்னு எண்றதுதான் பரீட்சையே!

– அத மொதல்லயே சொல்லலாமில்ல? செத்தா பெயிலுன்னுல்ல நெனச்சேன்.

– சிரிக்க வெக்காத, எரிச்சலா வருது. நல்லவேள, இன்னும் ஏத்தல. மறுபடியும் மொதல்லேர்ந்து! எந்த ஜாடியில ஜாஸ்தி செத்துச்சி, அதுவாவது நெனப்பு இருக்குதா?

– இல்லாம? கடைசி ஜாடி, ஆறாவது. வுட்ட அஞ்சு மீனும் தெனம் காலி. அதுலதான் நீ மருந்த அள்ளி ஊத்தியிருக்கற.

– மாமா... அந்த டேங்க கெணத்தாண்டேர்ந்து எடு. மத்த அஞ்சு ஜாடியிலதான் கேன் தண்ணியில மருந்து கலந்தேன். ஆறாவதுல நான் மருந்தே ஊத்தல. அது நம்ம கெணத்துத் தண்ணி.