கமரா இல்லாத ட்ரோன்

பட்டம் ஏற்ற நல்ல காற்று வேண்டும். அன்று நல்ல காற்று. ஐம்பத்தெட்டு வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே நூலோடு ஓடிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே சிவரூபனின் ட்ரோன் என் வளவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கென்ன விசரே? வெங்காயத்தை மிதிக்காதேங்கோ!” குசினி வாசலில் நின்று கத்தினாள் என் மனைவி பராசக்தி.

பதில் சொல்ல நேரமில்லை. ட்ரோனை விழுத்தியது நான்தான், மறைக்கப் போவதில்லை. காரணத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிவரூபன் பக்கத்து வளவுக்காரன். பத்து வயதில் பெற்றோரோடு டென்மார்க் போனவன், நாற்பதில் போன வருடம் திரும்பி வந்தான். கடைசிப் பன்னிரண்டு வருடமும் அந்த வளவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வருடா வருடம் வேலி அடைத்தேன். ஒவ்வொரு முறையும் வேலிக் கதியால்களை, அந்த நடுதடிகளை, ஒரு சாண் அவன் பக்கமாகத் தள்ளி நட்டேன். ஒரு சாண் என்ன பெரிய தூரமா? இரண்டு முனையிலும் எல்லைக்கல் கிடந்ததால் அங்கே கை வைக்கவில்லை, நடுவில் மட்டும்தான். நிலத்தில் நின்று பார்த்தால், மரங்களுக்குள்ளே வேலி நேர். மேலேயிருந்து பார்த்தால் வில்.

இப்படி அவனுடைய பலாமரம் ஒன்று என் வளவுக்குள் வந்து சேர்ந்தது. அதன் பழத்தில் பாதியை அவனுக்கே கொடுத்தேன். அயலவன் என்றால் கொடுக்கத்தானே வேண்டும்.

ஒருநாள் வந்து கேட்டான். நான் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன் என்பதால் என்னில் ஒரு நம்பிக்கை.

“அண்ணை, ட்ரோன் ஒண்டு வாங்கிப் பழகப் போறன். தொடக்கத்துக்கு எது நல்லம்?”

இரண்டு நாள் தவணை கேட்டு, போனில் வீடியோக்கள் பார்த்துப் படித்தேன். பிறகு நான் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. விற்கிறவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

“முதல் ட்ரோன் விழும், தம்பி. விழப்போற சாமானுக்கு ஏன் கனக்கக் காசு? கையளவிலை ஒண்டு எடும். இறக்கையைச் சுத்திக் காப்பு வளையம் இருக்கோணும். பற்றறி ரெண்டு கூட வாங்கும்.”

“கமரா?”

“கமரா இருந்தா கண் திரையிலை நிக்கும், கை பழகாது. வீட்டடியிலையும் வேண்டாம், மரங்கள். வயல்வெளிக்குக் கொண்டுபோம்.”

அப்படியே செய்தான். அங்கேதான் நான் பிழைவிட்டேன். ஒழுங்காகப் பழகியவன் மூன்று மாதத்தில் தேர்ந்துவிட்டான். தை பிறந்ததும் இரண்டாவது ட்ரோனோடு வந்து நின்றான்.

“உங்கடை புண்ணியத்திலை கை நல்லாப் பழகிட்டுது, அண்ணை. இது கமரா வைச்சது. நாளைக்கு முதல் படம், எங்கடை ரெண்டு வளவையும் சேத்து!”

ஆகவேதான் பட்டம். நூல் இறக்கையில் சுற்றியது. ட்ரோன் பாத்திக்குள் விழுந்தது. ஓடிவந்தவனைத் தேற்றி, கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினேன்.

“இது பட்டக் காலமெல்லே, தம்பி. என்ன செய்யிறது?”

“பரவாயில்லை, அண்ணை. விழுறதுக்கு முதல் எடுத்த படமெல்லாம் மெமரி கார்டிலை கிடக்கு.”

என் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டினான். வேலி வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தது.

“என்னண்ணை, வேலி வளைஞ்சு கிடக்கு?”

“அகல லென்ஸ், தம்பி. எல்லாத்தையும் வளைச்சுத்தான் காட்டும்.”

“அப்ப என்ரை மற்றப் பக்க வேலி நேராக் கிடக்கே?”

தேத்தண்ணியோடு வந்த பராசக்தி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அந்தப் பக்கம் லென்சுக்குக் கண் தெரியேல்லையாக்கும்.”

சிவரூபன் கோபப்படவில்லை. தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தான்.

“சண்டை வேண்டாம், அண்ணை. கோடு கச்சேரியும் வேண்டாம். இணக்கசபையிலை குடுப்பம். வேலிப் பிணக்கைத் தீர்க்கிறதுக்கெண்டே அங்கை ஒரு நேர்மையான மனுசன் இருக்கிறாராம். ஆரெண்டு தெரியுமோ?”

தெரியும் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒன்பது வருடமாக அந்த மனுசன் நான்தான்.