தொர பேருக்குக் கீழே

துஷ்யந்தி: மெயில் கையெழுத்துல என்னாத்துக்கு தம்பி போன் நம்பரெல்லாம்? பேரு இருந்தா போதாதா?

ரொபர்ட்: பேரு, வேலை, நம்பர், கம்பெனி படம்… எல்லாம் வரணும்கா, ஹெட் ஆபீஸ் சொல்லித்தான் செட் பண்ண வந்தேன். இனிமே இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல இருந்து எந்த மெயில் போனாலும் அடியில அது தானா ஒட்டிக்கிரும்.

துஷ்யந்தி: தானாவா? நாம ஒண்ணும் அடிக்க வேணாமா?

ரொபர்ட்: வேணாம். நீங்க "சாப்பிட்டீங்களா"ன்னு மட்டும் அடிச்சு அனுப்பினாலும், கீழ "துஷ்யந்தி, கிளாக்கர்"னு வந்து நிக்கும்.

துஷ்யந்தி: எனக்கு யாரு இருக்கா, "சாப்பிட்டீங்களா"ன்னு மெயில்ல கேக்க… டீ ஆறுது, அதக் குடிங்க மொதல்ல.

ரொபர்ட்: குடிக்கிறேன். நீங்க நம்பரச் சொல்லுங்க.

துஷ்யந்தி: என்னா சொன்னீங்க? இந்த மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இருங்க, ஜன்னலச் சாத்திட்டு வாறேன்.

ரொபர்ட்: சாத்தினத இப்பத்தானே தொறந்தீங்க! அக்கா… ஒரு எடத்துல ஒக்காருங்களேன். வந்ததுல இருந்து பார்க்கிறேன், ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகிட்டே இருக்கீங்க. யாரும் வரணுமா?

துஷ்யந்தி: யாரு வரப் போறா? மழை பேஞ்சா ரப்பர் பால் வெட்டு இல்ல. பால் வெட்டு இல்லாட்டி ஆபீசுக்கு ஒரு காக்கா வராது. தோட்டத்து தொரயும் லீவுல கொழும்புக்குப் போயிட்டாரு.

ரொபர்ட்: அப்ப ஜன்னல்ல என்னா தெரியுது?

துஷ்யந்தி: எங்க சனம் குடியிருக்கிற மேட்டு லயம். மழை இல்லாட்டி இங்க இருந்தே கூரை தெரியும்.

ரொபர்ட்: இப்பத் தெரியுதா?

துஷ்யந்தி: இல்ல… மூடிக்கிச்சு.

ரொபர்ட்: சரி. அடுத்தது இந்தப் பந்தி. கையெழுத்துக்குக் கீழ வரும். சிங்களம், தமிழ், இங்கிலிஸ் மூணுலயும். தமிழ மட்டும் வாசிச்சுப் பாருங்க. நான்தான் எழுதினேன், சிரிக்கக் கூடாது.

துஷ்யந்தி: "இம்மின்னஞ்சலில் உள்ள கருத்துக்கள் அனுப்பியவரின் சொந்தக் கருத்துக்களே அன்றி கம்பெனியின் கருத்துக்கள் அல்ல. இதனால் ஏற்படும் எந்த விளைவுக்கும் கம்பெனி பொறுப்பேற்காது…" அடேயப்பா! கம்பெனி மெயில்ல போய் கம்பெனிக்குப் பொறுப்பில்லைன்னா, அப்ப யாருக்குத்தான் பொறுப்பு?

ரொபர்ட்: எல்லாக் கம்பெனியும் போடுறதுதான்கா.

துஷ்யந்தி: நம்ம கம்பெனி இவ்வளவு வருசமா போடலயே. திடீர்னு என்னா வந்துச்சு?

ரொபர்ட்: …இப்பத்தான் தேவைப்பட்டுச்சு போல.

துஷ்யந்தி: தொர மெயிலுக்கும் இது வருமா?

ரொபர்ட்: எல்லாருக்கும் வரும். அதுசரி… தொர மெயில இங்க யாரு பார்க்கிறது?

துஷ்யந்தி: தொரதான். வேற யாரு?

ரொபர்ட்: தொரயா! அந்த மனுசன் ஹெட் ஆபீசுக்கு வந்தா பாஸ்வேர்ட் என்னான்னு கேக்க உங்களுக்குத்தானே போன் எடுக்கிறாரு.

துஷ்யந்தி: அவரு வாயால சொல்லுவாரு, நான் அடிப்பேன். இங்க மட்டுமா? எல்லாத் தோட்டத்துலயும் அப்புடித்தான். தொரமாரு எந்தக் காலத்துல கையால அடிச்சிருக்காங்க?

ரொபர்ட்: அவரு சொன்னத மட்டும்தான் அடிப்பீங்களா?

துஷ்யந்தி: என்னா தம்பி இன்ஸ்பெக்டராட்டம் கேக்குறீங்க? கம்ப்யூட்டரப் பார்க்க வந்தீங்களா, என்னையப் பார்க்க வந்தீங்களா?

ரொபர்ட்: சும்மா கேட்டேன்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரு டெஸ்ட் மெயில் அடிங்க. உங்க மெயில்ல இருந்து எனக்கு அனுப்புங்க, கையெழுத்து ஒட்டுதான்னு பார்ப்போம்.

துஷ்யந்தி: என்னான்னு அடிக்க?

ரொபர்ட்: மழை பேயுதுன்னு அடிங்க. கடுதாசி மாதிரி இருக்கட்டும்.

துஷ்யந்தி: "டியர் சேர்…" ம்… "ஹெவி ரெய்ன்…" ம்… அனுப்பிட்டேன். வந்துச்சா?

ரொபர்ட்: வந்திருச்சு. பேரு, நம்பர், படம், பந்தி… எல்லாம் சரி. ஆனா அக்கா… கையெழுத்துக்கு மேல இது என்னா?

துஷ்யந்தி: எது? "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி"யா? ஏன், பிழையா?

ரொபர்ட்: மழை பேயுதுன்னு சொல்றதுக்கு எதுக்குக்கா ஒபீடியன்ட்?

துஷ்யந்தி: கை தானா அடிச்சிருது, நான் என்னா செய்ய? பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து லயத்து சனத்துக்கு நான்தானே கடுதாசி எழுதுறேன். லீவுக்குக் கடுதாசி, கூரைத் தகரத்துக்குக் கடுதாசி, கக்கூஸ் கதவுக்குக் கடுதாசி… "தங்கள் கீழ்ப்படிவுள்ள"ன்னு முடிக்காட்டி தொர மேல்வரியக் கூட பார்க்க மாட்டாருன்னு எங்கப்பா பக்கத்துல நின்னு எழுத வைப்பாரு.

ரொபர்ட்: அங்கதான் அக்கா மாட்டிக்கிட்டீங்க.

துஷ்யந்தி: எங்க?

ரொபர்ட்: போன கெழம தொர மெயில்ல இருந்து கவர்மென்ட் மண்சரிவு ஆபீசுக்கு ஒரு மெயில் போயிருக்கு. மேட்டு லயத்துக்கு மேல நெலம் வெடிச்சிருக்கு, ஒடனே வந்து பாருங்கன்னு. அடியில "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி, சுப்ரின்டென்டன்ட்"னு தொர பதவி.

துஷ்யந்தி: டீ ஆறிப் போச்சு, வேற போட்டுட்டு வாறேன்…

ரொபர்ட்: நம்ம தொர எவனுக்குக்கா ஒபீடியன்ட்? கம்பெனி பெரியவருக்கே வெறும் "ரிகாட்ஸ்"னு போடுற மனுசன்.

துஷ்யந்தி: அது… அது எப்புடி உங்களுக்குத் தெரியும்?

ரொபர்ட்: அந்த ஆபீஸ்ல சந்தேகப்பட்டு கம்பெனிக்கே அனுப்பிக் கேட்டிருக்காங்க. பேரில்ல, நம்பரில்ல, இது உங்களுதுதானான்னு. தொரகிட்ட கேட்டா, நான் எழுதலன்னுட்டாரு.

துஷ்யந்தி: கம்பெனி என்னா பதில் போட்டுச்சு?

ரொபர்ட்: இன்னும் போடல. யாரு அடிச்சதுன்னு பேரு கெடைச்சதும், "அது அவங்க சொந்தக் கருத்து, எங்களுக்கு சம்பந்தமில்ல"ன்னு போடணுமாம். இந்தப் பந்தியையும் அதுக்குத்தான் எழுத வச்சாங்க. என்னைய அனுப்பினதும் கையெழுத்து செட் பண்ண மட்டுமில்ல.

துஷ்யந்தி: கருத்தா? கருத்தா தம்பி? மண்ணு வெடிச்சு வாயப் பொளந்துகிட்டு நிக்குது, முழங்கை வரைக்கும் கை உள்ள போகுது… அது யாரு கருத்து?

ரொபர்ட்: மெதுவா பேசுங்க…

துஷ்யந்தி: என்னாத்துக்கு மெதுவா? தொரகிட்ட நேர்ல போய் சொன்னேன். ரெண்டு நாள்ல மழை விட்டுரும், போய் வேலையப் பாருன்னாரு. கவர்மென்ட் வந்து அந்த லயம் ஆகாதுன்னு எழுதிட்டா, வேற எடத்துல கம்பெனி நெலம் ஒதுக்கணும்ல. அந்தப் பயம் அவருக்கு.

ரொபர்ட்: சனத்த எறங்கச் சொல்லலாமே? கோயில்லயோ பள்ளிக்கூடத்துலயோ போய் இருந்தா என்னா?

துஷ்யந்தி: சொல்லாம இருப்பேனா? எங்கக்கா ஜெயம்மா அந்த லயத்துலதான் இருக்கா, மூணு புள்ளைங்களோட. காலப் புடிக்காத கொறையா கெஞ்சினேன். "இந்த வீட்டுக் காம்பராவ விட்டு எறங்கினா கம்பெனி பூட்டுப் போட்டுரும், அப்புறம் எங்க போறது? கவர்மென்ட் எழுதிக் குடுக்கட்டும், எறங்குறோம்"கிறா. மொத்த லயமும் அதையேதான் சொல்லுது. போன தடவ காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பத்துக்கே பூட்டுப் போட்டாங்களே… அவங்க சொல்றதுல என்னா தப்பு?

ரொபர்ட்: அதனால நீங்களே தொரயாயிட்டீங்க.

துஷ்யந்தி: ஆமா! ஆயிட்டேன்! தொர செய்யாட்டி யாராச்சும் செய்யணும்ல? அனுப்பினதுல இருந்து எனக்கு சோறு எறங்கல, தூக்கமில்ல. மழை வலுத்தா ஜன்னலுக்கு ஓடுறேன். எழுதிக்கங்க தம்பி, பேரு துஷ்யந்தி. வேலைய புடுங்கினா புடுங்கட்டும். ஆனா…

ரொபர்ட்: ஆனா?

துஷ்யந்தி: அந்தப் பேர இன்னைக்கு அனுப்பாதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். நாளைக்கு அனுப்புங்க. கம்பெனி "சம்பந்தமில்ல"ன்னு பதில் போட்டுட்டா அவங்க வரவே மாட்டாங்க. ஒருவேளை… ஒருவேளை இன்னைக்கு அவங்களா கெளம்பி வந்தாங்கன்னா…

ரொபர்ட்: ஒக்காருங்கக்கா. தண்ணி குடிங்க.

துஷ்யந்தி: எனக்குத் தண்ணி வேணாம். அனுப்ப மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.

ரொபர்ட்: அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்…

மூக்கையா: கிளாக்கரம்மா! கிளாக்கரம்மோவ்!

துஷ்யந்தி: மூக்கையாண்ணே! என்னா? மேலயா? சரிஞ்சிருச்சா? சொல்லுங்கண்ணே!

மூக்கையா: சீ, வாயக் கழுவுங்க! கேட்டுல ஜீப்பு வந்து நிக்குது. கவர்மென்ட் ஜீப்பு. மூணு ஆபீசர் மாத்தயாமாரு எறங்கியிருக்காங்க. மேட்டு லயம் எந்தப் பக்கம்னு கேக்குறாங்க.

துஷ்யந்தி: மண்சரிவு ஆபீஸா? நெசமாவா?

மூக்கையா: இத்தன வருசம் கேட்டுல நிக்கிற வாச்சருக்கு ஜீப்பு தெரியாதா? கிராம சேவகரையும் கூட்டிட்டு வந்திருக்காங்க. சனத்த இன்னைக்கே எறக்கி பள்ளிக்கூடத்துல வைக்கணுமாம், எழுதிக் குடுக்கப் போறாங்களாம்.

துஷ்யந்தி: மாரியாத்தா… தாயே… எங்கக்கா எறங்கிருவா…

ரொபர்ட்: அழாதீங்கக்கா.

மூக்கையா: அழுறதுக்கு இப்ப நேரமில்ல. அந்தப் பெரிய மாத்தயா தொரயக் கேக்குறாரு. தொர லீவுன்னேன். அவரு சிரிக்கிறாரு! காலையிலதான் தொர கூட போன்ல பேசினாராம். இன்னைக்கு வராட்டி சனம் மண்ணுக்குள்ள போயிரும்னு தொர அந்தக் கத்து கத்தினாராம்.

துஷ்யந்தி: நம்ம தொரயா? சனத்துக்காகவா? என்னாண்ணே ஒளர்றீங்க?

மூக்கையா: நானும் அப்புடித்தான் முழிச்சேன். தொரக்கு யாரும் மந்திரிச்சு விட்டாங்களோ என்னமோ.

ரொபர்ட்: மூக்கையாண்ணே, நீங்க ஓடிப் போய் அவங்கள மேல கூட்டிட்டுப் போங்க. குறுக்குப் பாதை வேணாம், வழுக்கும். நேத்து என்னையக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த வழியில போங்க.

மூக்கையா: சரி தம்பி. கிளாக்கரம்மா, கண்ணத் தொடச்சிட்டு வாங்க, சிங்களத்துல பேச ஆள் வேணும்.

துஷ்யந்தி: இந்தா வாறேன்… இருங்க. தம்பி, நீங்க நேத்து மேல போனீங்களா?

ரொபர்ட்: போனேன். கம்பெனிக்குப் பேரு குடுக்க முந்தி, அந்த மெயில்ல இருக்கிறது பொய்யா மெய்யான்னு பார்க்கணும்னு தோணுச்சு. பார்த்தேன். என் கையும் உள்ள போச்சு. பயந்துட்டேன்கா.

துஷ்யந்தி: இவ்வளவு நேரம் சொல்லலயே! என்னைய இந்தப் பாடு படுத்தினீங்களே!

ரொபர்ட்: அவங்க வருவாங்களான்னு எனக்கே தெரியாது. வராட்டி உங்களுக்கு என்னா பதில் சொல்றது?

துஷ்யந்தி: இருங்க தம்பி… தொர கூட போன்ல பேசினோம்னாங்களே. நான் அனுப்பின மெயில்ல நம்பரே இல்ல. அவங்களுக்கு நம்பர் யாரு குடுத்தது?

ரொபர்ட்: உங்க மெயில நேத்து சாயங்காலம் மறுபடி அந்த ஆபீசுக்கு அனுப்பினேன்கா, தொர மெயில்ல இருந்து, புதுக் கையெழுத்து முழுசா போட்டு. கம்பெனிக்குப் பொறுப்பில்லைங்கிற பந்திய மட்டும் எடுத்துட்டேன். தொர பேருக்குக் கீழ இருக்கிறது என்னோட நம்பர்… இனிமே யாரு அடிச்சதுன்னு தேடினா, என்கிட்டதான் வருவாங்க.