புத்தூர் பங்கைத் தாண்டி

புது காரில் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் பம்பைச் சூடாகாமல் வைத்திருப்பது அந்தப் பெட்ரோல்தான். நான் பி.எஸ்சி. படித்தவள். கார் வந்த அன்றே நைனாவிடம் சொன்னேன்.

"ஆந்திரா பங்க்ல போட்டா பம்பு குளிரும், என் வயிறு எரியும்," என்றார்.

நகரிப் பக்கம் பல வீடுகளில் இதுதான் வழக்கம். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் விலை குறைவு. டேங்க் காய்கிறவரை ஓட்டிவிட்டு, திருத்தணி சாலைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருவோம். கார் என் சம்பளத்தில் வந்தது. விதி நைனாவுடையது.

ஒருமுறை திருத்தணி சாலை பங்க்குக்குச் சற்று முன்பே பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிட்டது. நைனா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் தள்ளச் சொன்னார். டீக்கடையில் இருந்தவர்களிடம், "சயின்ஸ் படிச்ச பொண்ணு. தள்றதுக்காவது ஒதவுது," என்றார். சிரித்தார்கள். யாராவது பார்த்தாலே துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிறவள் நான். அன்று தலை நிமிராமல் தள்ளினேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் நைனாவுக்கு நெஞ்சு அடைத்தது. "கேஸுதாம்மா," என்றார். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், நாங்கள் இருவர் மட்டும். நான்தான் ஓட்டினேன். ரிசர்வ் விளக்கு முந்தின நாளே எரியத் தொடங்கியிருந்தது.

புத்தூரில் பங்க் சாலையோரமே இருந்தது. கூட்டம் இல்லை.

"பிரமிளா, இங்கயே போட்டுக்கினு போலாம்மா," என்றார். அதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

"போதும் நைனா. திருப்பதி வரிக்கும் வரும்," என்றேன்.

வராது என்று தெரியும். நாலு பேர் பார்க்க அவரும் ஒருமுறை நடுரோட்டில் நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கேஸ் என்று அவரேதான் சொன்னார்.

வடமாலப்பேட்டை தாண்டி, வெயிலில் கார் நின்றது. நைனா காருக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

கருமாதிக்கு வந்தவர்கள், "கஞ்சத்தனம் ஆளையே முழுங்கிடுச்சி," என்றார்கள். நான் மறுக்கவில்லை. எழுதவே கூசுகிறது. அக்கா ஸ்வர்ணலதா மட்டும் கேட்டாள்: "அந்த வலில நைனா ஏன்டி கீழ எறங்குனாரு?"

"நான் தள்ளறத பாக்க மனசு வரல அவருக்கு. அவரே எறங்கிட்டாரு," என்றேன். அக்கா அழுதாள். அப்படி ஒரு பாசக்காரராக அவரை ஆக்கிக்கொடுத்தது நான் செய்த நல்ல காரியம் என்று சில நாள் நம்பவும் செய்தேன்.

அவர் தானாக இறங்கவில்லை. "எறங்கித் தள்ளு நைனா," என்று நான்தான் சொன்னேன். இறங்கினார். கண்ணாடியில் பார்த்தேன். இடது கை தொங்கியது, வலது கையால் மட்டும் தள்ளினார். முகமெல்லாம் வியர்வை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன, யாரும் சிரிக்கவில்லை. கேஸ் ஒருவரின் கையை அப்படித் தொங்க வைக்காது என்பது எனக்குத் தெரியும்.

கார் நகரவில்லை. பிரேக்கிலிருந்து நான் காலை எடுக்கவில்லை.