கனகாம்பாள் படத்தைத் திறப்பது யார்?

மேடையின் நடுவே அமர்ந்து இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் மன்றத் தலைவர் தங்கதுரை அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் பெரியவர்களே! மனைவியை இழந்த துயரோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிவராமகிருஷ்ணன் அண்ணா அவர்களே! இஞ்சிக் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வியர்வை காயுமுன் வந்திருக்கும் சகோதரர்களே! அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு விசிலுக்குக் காது கொடுத்தபடி நிற்கும் தாய்மார்களே! நாற்காலியில் சாய்த்து வைத்த அந்தச் செல்போன் வழியாகக் கனடாவிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் கேசவ் அவர்களே! மட்டாஞ்சேரியில் முன்பே வந்த தமிழர்களே, நேற்று வந்த தமிழர்களே! உங்கள் எல்லோருக்கும் தையல்கடை நீலாம்பாளின் வணக்கம்.

பட்டிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்துவாளே, அந்த நீலாம்பாள்தான். இன்று கத்த மாட்டேன். கத்தும் அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை.

இந்தப் பட்டுத்துணிக்குப் பின்னால் படமாக இருக்கிறாள் கனகாம்பாள். முப்பது வருடம் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. இந்தத் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் சுக்குக் கஷாயம் அவள் கையால்தான். அவளைப் பற்றிப் பேச எனக்குக் கொடுத்த தலைப்பு, 'இல்லறமே நல்லறம்'. நல்ல தலைப்பு! தேன் ஒழுகப் பேசலாம். ஆனால் என்னிடம் தேன் இல்லை, தலைவர் அவர்களே. வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது. அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன்.

கனகாம்பாளுக்கு எத்தனை பிள்ளைகள்? அழைப்பிதழில் ஒரே மகன் என்று அச்சடித்திருக்கிறீர்கள். அச்சு பொய் சொல்கிறது. அவளுக்கு ஒரு மகளும் உண்டு. பெயர் விஷ்ணுப்ரியா.

ஏன் இந்தச் சலசலப்பு? பெயரைத்தானே சொன்னேன், கெட்ட வார்த்தையா சொன்னேன்?

இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையில் அவளுக்கு பில் போடும் வேலை. அந்தக் கடையில் குளிர்பதனப் பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவன் ஜோமோன், வைப்பின் தீவுக்காரன், மீன்பிடிக்கும் வீட்டுப் பையன். இருவரும் விரும்பினார்கள். அவன் குடித்தானா? இல்லை. அடித்தானா? இல்லை. ஏமாற்றினானா? இல்லவே இல்லை! பிறகு என்ன குறை? அவன் சிலுவைக்காரன், நாம் விபூதிக்காரர்கள். குறை அவ்வளவுதான்.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்த அன்று அவள் அப்பா, நம் சிவராமகிருஷ்ணன் அண்ணா, என்ன செய்தார் தெரியுமா? நேற்று வந்த சகோதரர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் 'தலைமுழுகிவிட்டேன்' என்பார்கள், வாயளவில். கேரளத்தில் இருந்து இருந்து நாம் அதற்கும் ஒரு படி மேலே கற்றுக்கொண்டோம். படியடைத்துப் பிண்டம் வைப்பது! வாசற்கதவைச் சாத்தி, எள்ளும் சோறும் உருட்டி வைத்து, உயிரோடு இருக்கிறவளைச் செத்தவளாக்குவது. அந்த உருண்டையைப் பிசைந்து தரச் சொன்னது யாரை? பெற்றவளை. சோறூட்டிய கையாலேயே பிண்டம் பிசைந்தாள் கனகம். பிசைந்துவிட்டு என் கடைக்கு வந்து, துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

அதோடு விட்டார்களா? அந்த வீட்டில் ஒரு சொல் உண்டு. பிண்டம் வைத்த பெயரைப் பெற்றவள் வாயால் சொல்லக் கூடாதாம். சொன்னால், மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு ஆகாதாம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? யாருக்கும் தெரியாது. ஆனால் கனகம் நம்பினாள்.

அடுத்து வந்தது நோய். கனகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. கேசவுக்கு ரத்தம் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் வைப்பினிலிருந்து படகேறி என் கடைக்கு வந்து நின்றாள் விஷ்ணுப்ரியா.

"மாமி, அம்மாவுக்கு நான் தரேன். ஜோமோன் சம்மதிச்சாச்சு. நான் ஆத்துக்குள்ள வரலை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரேன்னு சொல்லுங்கோ."

சோதித்தார்கள். பொருந்தியது! எல்லாமே பொருந்தியது! பொருந்தாமல் போகுமா? அவள் வயிற்றில் உருவான பிள்ளையல்லவா? அன்று மட்டும் நான் தெருவில் சாயாக்கடை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

மணி அடிக்கிறீர்களா, தலைவர் அவர்களே? அடியுங்கள். நான் முடிக்காமல் இறங்க மாட்டேன்.

உறுப்பு வாங்குகிறவரையும் தருகிறவரையும் நேரில் உட்கார்த்தி வைத்து விசாரிப்பார்கள். விலைக்கு வாங்கவில்லை, சொந்த மனிதர்கள்தான் என்று உறுதி செய்ய வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், குற்றம் அவர்கள் மேல் இல்லை. அண்ணா, கனகம், விஷ்ணுப்ரியா. துணைக்கு நான். பெரிய டாக்டர் கனகத்தைப் பார்த்துப் பிரியமாகத்தான் கேட்டார்.

"அம்மே, ஈ குட்டி அம்மையுடெ ஆரா?"

இந்தப் பெண் உங்களுக்கு யார்? அவ்வளவுதான் கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்.

கனகம் அண்ணாவைப் பார்த்தாள். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்களுக்கு ஒரே பிள்ளை. கனடாவுல இருக்கான்."

"டாக்டர், இவ இந்தம்மா பெத்த பொண்ணு!" என்று நான் கத்தினேன். நீங்கள் உறவா என்றார்கள். அடுத்த வீடு என்றேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு மூடும்போது என் காதில் விழுந்தது அந்தப் பெண்ணின் குரல்: "அம்மா, என்னைப் பாரும்மா. ஒரு தடவை சொல்லும்மா."

கனகம் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் மேசைமேல் கிடந்தது. அதற்கென்ன செய்ய? நோயாளியே 'எனக்கு வேண்டாம்' என்று கைகூப்பிவிட்டால் எந்த டாக்டர் கத்தியை எடுப்பார்?

"ஏண்டி இப்படிப் பண்ணினே?" என்று அன்று மாலை நான் கேட்டேன். என் தாய்மார்களே, அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"பேரைச் சொன்னா கேசவனுக்கு ஆகாது நீலா. அவன் நன்னா இருக்கட்டும். இவ என்னை நினைச்சு வந்தாளே, அது போறும்."

மழைக்காலம் முடியும் முன்னே கனகம் போய்விட்டாள். அவள் நோயால் சாகவில்லை. மருந்து எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. வாய் திறக்க விடாமல் கொன்றுவிட்டோம்! அண்ணா மட்டுமா? பிண்டம் வைத்த அன்று வாசலில் கூடி நின்று, 'மானத்தைக் காப்பாத்தினேள்' என்று சொன்னவர்கள் யார்? அவர்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

யாரது பின்னால், 'குடும்ப விஷயம், இறங்குங்கோ' என்பது? குடும்ப விஷயமா? அப்படியென்றால் படத்திறப்புக்கு ஊரை ஏன் கூட்டினீர்கள்? சாவு மட்டும் ஊருக்குப் பொதுவா?

கேசவ், நீ படித்த பிள்ளை. உலகத்தையே கைக்குள் வைத்திருக்கிறாய். நான் உனக்குப் போன் செய்து கெஞ்சினேன். 'அப்பா மனசு நோகக் கூடாது மாமி, லெட் அஸ் வெயிட்' என்றாய். காத்திருந்தோம். நன்றாகக் காத்திருந்தோம், கண்ணா. கேமராவை அணைத்துவிட்டாயா? இருட்டாகத் தெரிகிறது. சரி, இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, படத்தைத் திறந்து வைப்பவர் நீங்கள் என்று போட்டிருக்கிறது. உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. அம்மாவுக்காகத் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வந்தவள் ஒருத்திதான். அவள் இந்த மண்டபத்து கேட்டுக்கு வெளியே ஜோமோனோடு நிற்கிறாள். உள்ளே வரச் சொல்லி யாரும் அழைக்காததால் தெருவில் நிற்கிறாள். அவளை அழையுங்கள். அவள் கையால் இந்தத் துணி விலகட்டும்!

அண்ணா எழுந்துவிட்டாரே! வழி விடுங்கள், வழி விடுங்கள். போங்கள் அண்ணா. நீங்களே போய்க் கூட்டி வாருங்கள். உங்களை இவ்வளவு பேசியதற்கு உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து...

கேட்டைச் சாத்துகிறார்.

தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

நல்லது அண்ணா. உங்களால் முடிந்தது அதுதான். இனி எங்களால் முடிந்ததைப் பாருங்கள்.

தாய்மார்களே! கனகத்தின் கஷாயம் குடித்துப் பிள்ளை பெற்றவர்களே! இன்று உட்கார்ந்தே இருந்தால், நாளை உங்கள் மகளுக்கும் நீங்கள்தான் பிண்டம் பிசைய வேண்டும். எழுந்திருங்கள்! மகள் உள்ளே வரக் கூடாதென்றால் அம்மா வெளியே போகட்டும். படத்திறப்பு தெருவில் நடக்கட்டும், வைப்பின் படகு ஜெட்டியில் நடக்கட்டும், எங்கே அவள் நிற்கிறாளோ அங்கே நடக்கட்டும்!

மணியடித்தும் என்னைப் பிடித்து இறக்காத தலைவருக்கும், முணுமுணுத்தாலும் எழுந்து போகாமல் இருந்த பெரியவர்களுக்கும், மைக்கை அணைக்காத தம்பிக்கும் என் நன்றி. படத்தைத் துணியோடு நான் தூக்கிக்கொள்கிறேன். சட்டம் கனமாக இருக்கிறது, இரண்டு பேர் வந்து கை கொடுங்கள். முன்னால் போகிறவர்கள் அந்தத் தாழ்ப்பாளை நீக்குங்கள். வணக்கம்.